மகளைப் பற்றித் தேவராஜன் சொன்னது

ஏலவார்குழலி முதல் முறை மைசூருக்குப் போனபோது, வீட்டில் பெங்களூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனியில் ஐந்து நாள் ட்ரெய்னிங், தங்குவது சாப்பிடுவது எல்லாம் அங்கேயே என்றாள். அப்பா தேவராஜன் “சரி” என்றார். அம்மா காவேரி மட்டும், “சொட்டர் எடுத்துக்கோ, அங்க குளுரும்” என்றாள். அன்று வழக்கம்போல் குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போனாள். காலை ஷிப்டை முடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்தாள். அங்கிருந்து மின்சார ரயில், பிறகு சென்ட்ரலில் மைசூரு வண்டி. மடியில் வைத்திருந்த பைக்குள், சான்றிதழ்களுக்கு மேலே, விமானப்படை அதிகாரி தேர்வுக்கான அழைப்புக் கடிதம் இருந்தது. முதல் விருப்பம் விமானி, இரண்டாவது விருப்பம் தொழில்நுட்பப் பிரிவு என்று அவளே நிரப்பி அனுப்பியிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறியதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பம். ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயரை முழுசாக வைத்துவிட்டார்கள். எந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அது லேசில் அடங்காது. எல்லோருக்கும் அவள் குழலிதான். தேவராஜனுக்கு வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலை கிடைத்த வருஷம் குன்றத்தூருக்குக் குடிவந்தார்கள். குழலி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைக்குச் சேர்ந்தாள். லைனில் வருகிற பாகத்தை எடுத்து அளவு பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் சிவப்பு டேக் கட்டி ஒதுக்க வேண்டும். அதுதான் வேலை.

விமானத்தின்மேல் ஆசை எப்போது வந்தது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற சின்னப் பயிற்சி விமானங்கள் படப்பைப் பக்கம் சுற்றுவதைக் கம்பெனி பஸ் ஜன்னல் வழியே தினமும் பார்ப்பாள். பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள், உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவரும் தன்னைப்போல் காலையில் எழுந்து, பல் விளக்கி, வேலைக்குக் கிளம்பி வந்த ஒரு ஆள்தானே என்று தோன்றியது. அன்று மதிய இடைவேளையில் போனை எடுத்து வயது வரம்பு பார்த்தாள்.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் பயமில்லை. வேண்டாமென்று சொல்கிறவர்களுமில்லை. பதினோராம் வகுப்பில் குழலி நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத் தேர்வுக்குப் போனாள். தேவராஜன் அதைக் கிடங்கு முழுக்கச் சொன்னார், தெரு முழுக்கச் சொன்னார், தண்ணீர் கேன் போடுகிறவரிடமும் சொன்னார். குழலி நாலாவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அதன்பிறகு இரண்டு மாதம் பார்த்தவர்களெல்லாம், “இன்னாம்மா ஆச்சு ஓட்டம்?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும்போது அப்பா பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பார். இனிமேல் எதையும் முடிந்தபிறகுதான் சொல்வது என்று அப்போது முடிவெடுத்தாள். கல்லூரியில் ஒரு பாடத்தில் தவறியதை, மறுபடி எழுதித் தேறிய அன்றுதான் சொன்னாள். வேலைக்குப் போன நேர்காணல்களையும் அப்படித்தான்.

மைசூரில் முதல் நாளே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழலி தங்கினாள். இரண்டாம் நாள் எழுத்துச் சோதனைகளின் கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். உன் பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், மேலதிகாரிகள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீயே உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டும். கால் மணி நேரம். குழலி தயாராகத்தான் வந்திருந்தாள். இணையவழிப் பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரி விடை அவளுக்கு மனப்பாடம். நான் பொறுப்பானவள், கடின உழைப்பாளி, பெற்றோருக்குத் துணையாக இருப்பவள் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் நேர்காணல். எதிரே இருந்த அதிகாரி நரைத்த மீசைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். தொழிற்சாலை பற்றி, ஒரகடம் பற்றி, அவள் கட்டும் சிவப்பு டேக் பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்து, “உங்கள் அப்பா உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்?” என்றார்.

“நான் பொறுப்பான பெண் என்று நினைக்கிறார், சார்.”

“அதை அவர் எப்படிச் சொல்வார்? உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். எனக்குப் புரியாது, பரவாயில்லை. அவர் சொல்கிற மாதிரியே சொன்னால் போதும்.”

குழலி வாயைத் திறந்தாள். அப்பாவின் குரல் அவளுக்கு நன்றாகவே தெரியும். சாப்ட்டியா, பஸ் வந்துடுச்சா, ஹெல்மெட் எங்க வெச்ச, மோட்டார் போட்டியா. அந்தக் குரலில் தன்னைப் பற்றி ஒரு வாக்கியத்தைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. கடைசியில், “என் பெண் பொறுப்பானவள்” என்று தமிழில் சொன்னாள். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் அது வெளியே வந்தது. தமிழ் தெரியாத அந்த மனிதருக்கும் அது கேட்டிருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

“இங்கே கிளம்பும்போது என்ன சொன்னார்?”

“நன்றாகச் செய் என்றார், சார்.”

அந்த நேரத்தில் தேவராஜன், மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வடக்குப்பட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் தேர்வானவர்களின் எண்களை வாசித்தார்கள். குழலியின் எண் இல்லை. அந்தக் கேள்வியால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. காரணம் சொல்கிற வழக்கமும் அங்கே கிடையாது. குழுப் பயிற்சியிலும் அவள் சரியாகச் செய்யவில்லை. பள்ளத்தைக் கடக்க எல்லோரும் சேர்ந்து பலகை போட வேண்டிய இடத்தில், மற்றவர்கள் பேசி முடிப்பதற்குள் தனியாகத் தூக்கப் போய்த் தடுமாறினாள். ஆனால் திரும்பி வரும் ரயிலில் பலகை நினைவுக்கு வரவில்லை. அப்பாவின் வாக்கியம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை என்பதே திரும்பத் திரும்ப வந்தது.

வயது இருந்தது. அடுத்த எழுத்துத் தேர்வு ஆறு மாதத்தில். இந்த முறை மாதிரி விடை வேண்டாம், கேட்டே எழுதுவது என்று முடிவு செய்தாள்.

முதலில் சண்முகப்ரியாவிடம் கேட்டாள். லைனில் எதிர் மேசையில் இருப்பவள், ஒன்றாகச் சாப்பிடுகிறவள். ப்ரியா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

“நீ ஜாஸ்தி பேசமாட்ட. ஆனா ரிஜெக்ட் பண்ணா பண்ணதுதான். சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் டேக்க எடுக்கமாட்ட. அது புடிக்கும் எனக்கு. ஆனா ஒண்ணு, போன வருஷம் உனக்கு டெங்குன்னு நீ திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னெண்டு நாளு நானு உன் போனுக்கு அடிச்சிக்கினே கெடந்தேன்.”

அம்மாவிடம் கேட்டபோது காவேரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “உனக்கு இன்னாடி, நல்ல பொண்ணுதான். அடிபுடிச்ச பாத்திரத்த மட்டும் அப்படியே தண்ணி ஊத்தி வெச்சிட்டுப் பூடுவ” என்றாள். குழலி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, உண்மையாகவே சொல்லியிருந்தாள்.

அப்பாவிடம் கேட்க ஒரு வாரமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, என்னப் பத்தி நீ இன்னா நெனைக்கிற?”

“இன்னாத்துக்கு?”

சொல்ல வேண்டியதாயிற்று. விமானப்படை, எழுத்துத் தேர்வு, மைசூரு, தோற்றது, திரும்ப எழுதப்போவது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். காவேரி ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். தேவராஜன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார்.

“அப்ப பெங்களூரு போவல.”

“போவலப்பா.”

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு ஒன்பது நாள் தேவைக்குமேல் பேசவில்லை. கோபமாகப் பேசாமல் இருந்திருந்தால் குழலிக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டார், மழைக்கோட்டு எடுத்துக்கொள் என்றார். எல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோல் இருந்தது.

பத்தாம் நாள் குழலி கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாள். “ஏறு, வுட்டுட்டுப் போறேன்” என்று தேவராஜன் வண்டியை எடுத்தார். கார்த்திகை மாதம். படப்பை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே முப்பது, நாற்பது வண்டிகள் ஒதுங்கி நின்றன. யூனிபார்ம் போட்ட பையன்கள் போனில் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேவராஜன் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடிமேல் மாட்டினார். சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

“கேட்டியே, இன்னா நெனைக்கிறேன்னு.”

குழலி மழைக்கோட்டின் தலைமூடியை விலக்கிக்கொண்டாள்.

“நீ தைரியமானவதான். பொய் சொல்ற ஆள் இல்லன்னு நெனைச்சிக்கினு இருந்தேன், சரி அது போவட்டும். எனக்கு இன்னா தெரியுமா... உன்னாண்டேர்ந்து எனக்குச் சேதி வராது. எல்லாம் முடிஞ்சி போனப்புறம்தான் வரும். பாஸு, பெயிலு, வேலை, எல்லாம். நடக்கும்போது நானு எங்கியோ கீறேன். எம்பொண்ணு வாழ்க்கைய நானு பழைய பேப்பர் மாதிரி படிச்சிக்கினு கீறேன். அதான் நெனைக்கிறேன். எழுதிக்கோ.”

குழலிக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

“நீ எல்லார்கிட்டயும் சொல்றியேப்பா. அந்த ஓட்டத்துக்கு எத்தினி பேராண்ட சொன்ன? நாலாவதா வந்துட்டு ரெண்டு மாசம் நான் பதில் சொன்னேன். நீ தலையத் தொங்கப் போட்டுக்கினு நின்ன. அதப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

தேவராஜன் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். “அதுவா? நானு உனக்காவ தல குனியலம்மா” என்றார். “அவன் அவன் வந்து கேக்கறானே, நம்மளாலதானே இந்தப் பொண்ணு இத்தினி பேருக்குப் பதில் சொல்லுதுன்னு குனிஞ்சேன். வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“உனக்கே தெரியும்னு நெனைச்சேன்.”

“தெரியல.”

மழை விடவில்லை. குழலி சூப்பர்வைசருக்குப் போன் செய்து அரை மணி நேரம் தாமதம் என்றாள். பிறகு இருவரும் பக்கத்திலிருந்த தள்ளுவண்டியில் டீ குடித்தார்கள். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருவருக்கொருவர் மன்னிப்பு கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

இரண்டாவது எழுத்துத் தேர்விலும் தேறினாள். இந்த முறை அன்று மாலையே சொன்னாள். தேவராஜன் கொஞ்சம் தயங்கி, “யாராண்டயும் சொல்லக்கூடாது, அப்படித்தானே?” என்று கேட்டார். “ஒரே ஒருத்தர்கிட்ட வேணா சொல்லிக்கோ” என்றாள். கிடங்கில் கூட வேலை செய்யும் நம்பிராஜனைத் தேர்ந்தெடுத்தார். திருநெல்வேலிக்காரர், பேச்சு குறைவு, விஷயம் வெளியே போகாது. மைசூரு வண்டிக்கு அப்பாவே சென்ட்ரல் வரைக்கும் வந்தார். நன்றாகச் செய் என்றெல்லாம் சொல்லவில்லை. “போயிட்டு போன் பண்ணு. நல்லா இல்லன்னாலும் பண்ணு” என்றார்.

அதே அறை, அதே வெள்ளைத்தாள். குழலி இந்த முறை மெதுவாக எழுதினாள். நான் தைரியமானவள் என்று அப்பா நினைக்கிறார், ஆனால் நடப்பதை நடக்கும்போது நான் சொல்வதில்லை என்று வருந்துகிறார் என எழுதினாள். எடுத்த முடிவிலிருந்து அசையமாட்டேன் என்று தோழி நினைக்கிறாள். எனக்கு உடம்பு சரியில்லாதபோது பன்னிரண்டு நாள் அவளைத் தவிக்கவிட்டேன் என்பதையும் எழுதினாள். அடிப்பிடித்த பாத்திரத்தையும் விடவில்லை. நேரம் முடிந்தபோது கடைசிப் பத்தி பாதியில் நின்றது.

நேர்காணல் செய்தவர் வேறொரு அதிகாரி. குடும்பம் பற்றிக் கேட்டார். குழலி அதையே சொன்னாள்.

“உங்கள் அப்பா சொல்வது சரிதானா?”

“சரிதான், சார். பாதி மாறியிருக்கிறேன்.”

“மீதி?”

“முயற்சி செய்கிறேன். சில சமயம் மறந்துவிடுகிறேன்.”

அவர் குறிப்பு எதுவும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனார். குழுப் பயிற்சியில் குழலி ஒரு பலகையைத் தூக்குமுன், “இது எனக்குக் கனமாக இருக்கிறது, ஒருவர் வாருங்கள்” என்றாள். அதைச் சொல்வது பலகையைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு ப்ரியாவிடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் மூன்று எண்கள் வாசித்தார்கள். இரண்டாவது அவளுடையது.

விமானிப் பிரிவு கேட்டவர்களுக்கு அதன்பிறகு ஒரு இயந்திரச் சோதனை உண்டு. திரையின் முன் உட்கார்ந்து, கையில் ஒரு பிடியும் காலுக்குக் கீழே இரண்டு பெடலும் வைத்துக்கொண்டு, ஓடுகிற ஒரு புள்ளியைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இதற்கு உட்கார முடியும். தவறினால் மறுபடி கிடையாது. குழலிக்கு அது தெரியும். கை சொன்னதைக் கேட்டது. கால் ஒரு நொடி தாமதமாகவே போனது. புள்ளி கட்டத்தைவிட்டு வெளியே வெளியே ஓடியது. எழுந்திருக்கும்போதே அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. அறிவித்தபோதும் அதேதான். விமானிப் பிரிவுக்கு இல்லை. தொழில்நுட்பப் பிரிவுக்குத் தகுதி உண்டு, விரும்பினால் மருத்துவப் பரிசோதனைக்குப் போகலாம்.

தேர்வு மைய வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழே நின்று அப்பாவுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது, நின்றது.

“செலக்ட் ஆயிட்டேம்பா. ஆனா ஓட்டறதுக்கு இல்ல. அது பெயிலு. இனிமே எப்பவுமே எழுத முடியாது.”

“எப்பவுமேன்னா?”

“எப்பவுமேப்பா.”

குழலி அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். தேவராஜன் போனை வைக்கவில்லை.

“மத்தது இன்னா வேலை?” என்று கடைசியில் கேட்டார்.

“ப்ளேன ரெடி பண்ணி, செக் பண்ணி அனுப்பற வேலை. இன்ஜினு, மத்ததெல்லாம். ஆபீசர்தான். ஆனா போலாமா வேணாமான்னு தெரியல. பறக்கணும்னுதாம்பா வந்தேன்.”

“எனக்கும் தெரியலம்மா” என்றார் தேவராஜன். “இப்பவே சொல்லணுமா?”

“இப்ப மெடிக்கலுக்குத்தான் போவணும். சேர்றது அப்புறம்.”

“அப்ப மெடிக்கலுக்குப் போ. மத்தத வூட்டுக்கு வா, பேசிக்கலாம்.”

எப்போதும் தனியாகவே முடிவெடுத்துப் பழகியவள். ஒரு கேள்வியை முடிக்காமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போவது அவளுக்குப் புதிது. அது பாரத்தைக் குறைத்தது என்றும் சொல்வதற்கில்லை. மருத்துவப் பரிசோதனை முடிந்து, தகுதிப் பட்டியல் வருகிற வரைக்கும் மூன்று மாதம் அந்த வீட்டில் மூன்று பேரும் அதைச் சுமந்தார்கள். காவேரிக்கு, ஏற்கெனவே இருக்கிற வேலையை விடுவதா என்ற கவலை. தேவராஜன் ஒருநாள் போ என்பார், ஒருநாள் உன் இஷ்டம் என்பார். குழலி லைனில் பாகங்களை அளந்தபடியே யோசிப்பாள். விமானத்தைத் தான் ஓட்டப்போவதில்லை, அந்த ஏக்கம் எந்தப் பட்டியலாலும் தீரப்போவதில்லை. ஆனால் ஒரு விமானம் கிளம்பலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுகிற ஆள் தானாக இருக்கலாம். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் இதைப் ப்ரியாவிடம் சொன்னபோது, “டேக்க எடுக்கமாட்டேன்னு நிக்கிற ஆளுதான் அங்க வேணும்” என்றாள் அவள். பட்டியலில் பெயர் வந்த வாரம் குழலி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள்.

இப்போது ஹைதராபாத் பக்கம் பயிற்சியில் இருக்கிறாள். ஐந்தாவது மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் போன் கையில் கிடைக்கும். தேவராஜன் அன்று காலையிலிருந்தே போனை சார்ஜில் போட்டுவைப்பார். போன ஞாயிறு அவள் பேசும்போது குரலில் ஏதோ இருந்தது. என்ன என்று கேட்டார்.

“முழங்காலுக்குக் கீழ எலும்புல வலிப்பா. ஓடி ஓடி வீங்கியிருக்கு. டாக்டர் ரெண்டு வாரம் ஓட வேணாம்னு சொல்லிட்டாரு. இங்க நெறைய பேருக்கு இப்படி வருது. சரியாவலன்னா ஒரு டேர்ம் பின்னால போடுவாங்க, அடுத்த பேட்ச்சோடதான் முடிக்க முடியும்.”

“எப்பத்துலேர்ந்து வலி?”



“போன ஞாயித்துக்கெழமையே இருந்துச்சி. சொல்லல.”

“ஒரு வாரம்.”

“ஒரு வாரம்தாம்பா.”

தேவராஜன் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து காவேரி என்னவென்று கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கம் நீட்டியபடியே, “கால கீழ தொங்க வுட்டுக்கினு உக்காராத” என்றார் மகளிடம். “தலகாணி வெச்சித் தூக்கி வெய். இந்தா, அம்மாகிட்ட சொல்லு.”